ஆறு மணிக்கு எழுதியது

5 ஆகஸ்ட் 2019, திங்கள்

கனகசபாபதி வந்தார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். செருப்போடு கூடத்துக்குள் காலை வைத்தார். நான் செருப்பைப் பார்த்தேன். திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

வரும் டிசம்பர் மூன்றாம் தேதி காவன்குளம் உடைந்து நாற்பது வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு புத்தகம் போடுகிறார்களாம், கரையில் ஒரு கல்லும் நடுகிறார்களாம். பள்ளத்தெருவில் வெள்ளம் கொண்டுபோனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுவார்கள்.

"பேர் இருபத்தேழா, இருபத்தெட்டாங்கிறதுதாம்மா பிரச்சனை" என்றார்.

இருபத்தெட்டாவது பெயர் ஊய்க்காட்டான். பொதுப்பணித் துறையில் லஸ்கர். குளத்தின் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை. அன்று அவனும் தண்ணீரில் போனான். ஆனால் அவன் உடல் கரையில் கிடைக்கவில்லை, இரண்டு பர்லாங் தள்ளி, ஓடையைக் கடக்கும் தரைப்பாலமான தாம்போதியில் உடைமுள்ளில் மாட்டிக் கிடந்தது. காவலை விட்டு ஓடிப்போனவன் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். அதனால் இந்த நாற்பது வருஷமாக எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. இப்போது அவன் மகள் பிரமு மனுக் கொடுத்திருக்கிறாள். அவள் அப்பா ஓடவில்லையாம். ஷட்டர் பூட்டின் சாவி செக்‌ஷன் ஆபீசரிடம் இருந்ததாம். ஆபீசர் கரைக்கே வராததால் சாவி கேட்டு அவர் வீட்டுக்குப் போனானாம்.

அந்த செக்‌ஷன் ஆபீசர் என் கணவர் சவரிராயன். அவர் காலமாகிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

"ரெண்டு தரப்பும் நாலு பக்கத்துக்கு மிகாம எழுதிக் குடுங்க. எதை வச்சுச் சொல்றீங்கங்கிறதும் வேணும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது, ஒட்டின கவர். செப்டம்பர் எட்டு, ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு நூலகத்துல கூட்டம். அங்கதான் பிரிப்போம். பிரமு போன வாரமே குடுத்துட்டா."

"நீங்கள்தான் நீதிபதியா?"

"ஐயோ, இல்லம்மா. மூணு பேர் கமிட்டி. நான் வெறும் எழுதுறவன்."

நான்கு பக்கம் எனக்கு அதிகம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜெபமாலை சொன்னேன். இரவு கோதுமைக் கஞ்சி. எட்டரைக்குப் படுத்தேன். பார்வையாளர்: ஒருவர்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

சொர்ணம் நேற்று மாலை சமைக்க வரவில்லை. மகளுக்குக் காய்ச்சலாம். கஞ்சி இல்லை, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்தேன். இன்று அவள் வாங்கி வந்த பாகற்காய் முற்றல். திருப்பி அனுப்பினேன். பார்வையாளர்: இல்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

கான்வென்ட்டில் எங்களுக்கு வாதக் கட்டுரை நடத்தியவர் மதர் கொலம்பா. கட்டுரையின் அழகை அவர் பார்க்கவே மாட்டார். ஓரத்தில் நாம் குறித்திருக்கும் ஆதாரங்களைத்தான் முதலில் பார்ப்பார். ஒவ்வொன்றையும் ஆளாகப் பாவித்துக் கேள்வி கேட்கச் சொல்வார். நீ நேரில் பார்த்தாயா, யாராவது சொல்லக் கேட்டாயா? எப்போது எழுதினாய்? இதனால் உனக்கு என்ன லாபம்? பதில் சொல்லும் ஆதாரத்துக்கு நீலப் பென்சில், விழிக்கும் ஆதாரத்துக்குச் சிவப்பு. மேலூர்ப் பண்ணையார் மகள் ஒருத்தி தன் அப்பா சொன்னதை ஆதாரமாக எழுதி முழுப் பக்கமும் சிவப்பு வாங்கினாள். நான் நான்கு வருஷத்தில் ஒரு சிவப்புக்கூட வாங்கியதில்லை.

என் கணவரின் மேசையில் உபயோகிக்காத அஞ்சலட்டைகள் ஒரு கட்டு இருந்தன. ஆதாரத்துக்கு ஒன்றாக ஐந்து எடுத்துக்கொண்டேன். பத்திரிகைச் செய்தி, விசாரணை அறிக்கை, பங்குக் கோயிலின் வெள்ளி விழா மலர், அவருடைய பணி நிறைவு மலர், என் டைரி. ஐந்தும் ஒரே குரலில் சொல்கின்றன: ஏழு மணியிலிருந்து சவரிராயன் கரையில் இருந்தார்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு பெண். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

பென்சில்கள் வாங்க வேண்டும். சொர்ணம் வாங்கினால் மலிவானது வாங்குவாள். நானே போனேன். பார்வையாளர்: இல்லை.

14 ஆகஸ்ட், புதன்

பெட்டியைத் திறந்து 1979 டைரியை எடுத்தேன். ராமபாணப் பூச்சி முதுகைத் தின்றிருக்கிறது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"3 டிசம்பர், திங்கள். புனித சவேரியார் திருநாள். அவருடைய பெயர்நாள். காலைப் பூசை. மழை விடவில்லை. குளம் நிறைந்துவிட்டதாகத் தகவல். ஏழு மணிக்கு அவர் சாவியை எடுத்துக்கொண்டு கரைக்குப் புறப்பட்டார். ஜெபமாலை சொன்னேன். ஒன்பதுக்குப் படுத்தேன். பார்வையாளர்: இல்லை."

விசாரணை அதிகாரி இந்தப் பக்கத்தைத்தான் மேசைமேல் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில், "அதிகாரியின் மனைவி அன்றன்றே தம் கைப்பட ஒழுங்காக எழுதிவரும் நாட்குறிப்பு மிகவும் நம்பத்தக்கது" என்று எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி அரசாங்கம் எழுதியது அந்த ஒரு வரிதான். அதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்.

பார்வையாளர் இல்லை என்பதால் ஊய்க்காட்டான் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரவில்லை என்பதால் ஓடினான்.

ஐந்தாவது அட்டையை நிரப்பினேன். ஒரு வரி மட்டும் பாக்கி. பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

15 ஆகஸ்ட், வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை. கொடியேற்றம். முழங்கால் வலி.

மாலையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சொர்ணம் காபியோடு பின்னால் வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அடுத்தவர் எழுதுவதை எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்று பலமுறை சொல்லியாயிற்று.

"இன்னும் கோயில் மணியே அடிக்கலியேம்மா. அதுக்குள்ள படுத்துட்டேன்னு எழுதிருக்கீய. தூங்கிட்டே எழுதுதீயளோ?"

போர்டிங்கில் எங்கள் டைரிகளை மதர் தினமும் பார்ப்பார். ஆறு மணிக்குத் திரிகால மணி அடிக்கும்போது நோட்டு அவர் மேசையில் இருக்க வேண்டும். ஆறு மணிக்குமேல் எங்களுக்கு நடப்பது என்றும் ஒன்றேதான்: ஜெபமாலை, படிப்பு, சாப்பாடு, படுக்கை. அதனால் அதையும் நடந்ததாகவே எழுதிக் கொடுத்துவிடுவோம். கடைசி வரி பார்வையாளர். பெற்றோர் ஞாயிறு பகலில்தான் வருவார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இன்றுவரை மாறவில்லை. கல்யாணமான அன்றும், அவரை அடக்கம் செய்த அன்றும் ஆறு மணிக்கு எழுதி முடித்தேன்.

இதைச் சொர்ணத்துக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை. "காபியில் சர்க்கரை கூடுதல்" என்றேன்.

"சரி, அதையும் எழுதுங்க" என்று போய்விட்டாள்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

பிரமு வந்தாள்.

சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாளாம். ஐம்பதுக்கு ஒன்று குறைவு, பார்த்தால் அதிகம் தெரிகிறது. சேலையில் ஓரிடத்தில் பருப்புத் தெறித்திருந்தது. உட்காரச் சொன்னேன்.

"இருக்கட்டும்மா. நின்னே பழக்கம்."

"நீ எழுதிக் கொடுத்ததைப் பற்றி நாம் பேசக் கூடாது."

"அதைப் பேச வரலம்மா. கவர்ல என்ன இருக்குன்னு நான் யார்ட்டயும் சொல்லல. உங்கட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். புத்தகம், கூட்டம் எல்லாம் இருக்கட்டும். அன்னைக்கு எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்தாவளா?"

மதர் கொலம்பா கேட்பதைப் போல நான் திருப்பிக் கேட்டேன். அப்பா இங்கே வந்ததை நீ பார்த்தாயா? பார்க்கவில்லை. பிறகு எப்படித் தெரியும்?

"சாவி வாங்க ஐயா வீட்டுக்குப் போறேன்னு அம்மாட்ட சொல்லிட்டு எறங்குனாவ. நான் வாசல்ல நின்னேன்."

"போகிறேன் என்று சொன்னதைத்தானே கேட்டாய்?"

"ஆமாம்மா."

"ஒருவர் போகிறேன் என்று சொன்னதை, போனதற்கு ஆதாரமாக வைக்க முடியாது. சொல்வது வேறு, நடப்பது வேறு. உன் கட்டுரை அங்கேயே விழுந்துவிடும்."

அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. பிறகு, "உங்க டைரியை வச்சுத்தான் கேஸு முடிஞ்சுதுன்னு சொல்வாவ. அதை ஒருக்கப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாக வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள்.

"கரை ஒடைஞ்சதை எழுதலியேம்மா."

"அது மறுநாள் பக்கத்தில் இருக்கிறது."

"எட்டேகாலுக்கு ஒடைஞ்சுது. ஊரே கத்துச்சு." விரலைக் கடைசி வரிக்கு நகர்த்தினாள். "ஒம்பதுக்குப் படுத்தீங்களாம்மா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். தலைவலிக்கிறதா என்று கேட்பதுபோல.

மற்றொரு நாள் பேசலாம் என்றேன். டைரியை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் இறங்கும்போது, "கையெழுத்து அச்சுப் போல இருக்கும்மா" என்றாள்.

ஜெபமாலை. ரசம் சாதம். எட்டரைக்குப் படுத்தேன். பார்வையாளர்: ஒருவர்.

21 ஆகஸ்ட், புதன்

ரசம் சாதம் சாப்பிடவில்லை. எட்டரைக்குப் படுக்கவும் இல்லை.

23 ஆகஸ்ட், வெள்ளி

சொர்ணத்தின் அம்மா அந்தக் காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தவள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொர்ணம் கேட்டாள்: "பிரமு எதுக்கும்மா வந்தா?"

"பழைய விஷயம்."

"எங்கம்மா சொல்லுவா. சவேரியார் திருநா அன்னைக்கு ஐயாவுக்குப் பெயர்நாள் விருந்துன்னு மத்தியானமே ரெண்டு குப்பி வந்துச்சாம். மறுநா காலையில அதை எடுத்துட்டுப் போயி ஓடையில போடச் சொன்னீயளாம். ஓடையில பொணமா மெதக்குது, இவ குப்பியை எங்க போடுவா. வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருந்தா. ரொம்ப நாள் கெடந்துச்சு."

அவர் மருந்துக் குப்பிகள் பல வாங்கியதுண்டு. குடல் பலவீனம்.

"ஆமாமா, மருந்துதான்" என்றாள் சொர்ணம். "மதுவிலக்கு இருந்த காலம்லா. அதைப் பின்ன எப்பிடிச் சொல்லுதது. ஆபீசர் வேலை போயிரும்."

வெங்காயம் போதும் என்றேன்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

ஐந்து அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். ஆதாரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையா என்று பார்க்க மதர் ஒரு வழி சொல்லியிருந்தார். எது எதிலிருந்து எடுத்தது என்று அட்டைக்கு அட்டை பென்சிலால் கோடு போட வேண்டும்.

பணி நிறைவு மலரில் "கொட்டும் மழையில் கையில் டார்ச்சுடன்" என்று இருக்கிறது. வெள்ளி விழா மலரிலும் அதே சொற்கள், அதே வரிசை. ஆக, இது அதிலிருந்து எடுத்தது. வெள்ளி விழா மலர் "விசாரணையில் நிரூபணமானபடி" என்று தானே சொல்லிவிடுகிறது. விசாரணை அறிக்கை என் டைரியிலிருந்து. பாக்கி பத்திரிகைச் செய்தி. அதுதான் அறிக்கைக்கு முன்னால் வந்தது, எட்டாம் தேதி. அதை நம்பித்தான் உட்கார்ந்தேன்.

அந்த நிருபர் மதுரையிலிருந்து வந்து எங்கள் கூடத்தில் காபி குடித்தார். என் கணவரால் அன்று பேச முடியவில்லை. நிருபரிடம் பேசியது நான்.

ஐந்து அட்டை. எல்லாக் கோடும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது.

அந்த ஐந்தாவது அட்டையில் இன்னும் நிரப்பாத வரி, "எப்போது எழுதினாய்?" மை வாங்கி வந்து பத்து நாள் ஆகிறது.

1 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மழை என்று சொர்ணத்திடம் சொன்னேன். தூறல்தான்.

நிரப்பாத வரியை நிரப்பினேன். மாலை ஆறு மணிக்கு முன்.

அதை எழுதும்போது அது பொய் இல்லை. நான்கு மணிக்கு அவர் என்னிடம், "ஏழு மணிக்குக் கரைக்குப் போக வேண்டும், சாவியை எடுத்து வை" என்று சொன்னார். எடுத்துச் சுவரில் சிலுவைக்குக் கீழே ஆணியில் மாட்டினேன். அவர் போவார் என்று எழுதினேன். போகிறேன் என்று சொன்னதைப் போனதாக எழுதினேன். ஒன்பது வயதுப் பெண்ணின் சாட்சியத்தை நான் எதற்காகத் தள்ளினேனோ, அதே குற்றம்.

இனி எழுதுவது எந்த அட்டைக்கும் இல்லை.

ஏழு மணிக்கு அவரை எழுப்ப முடியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கரண்ட் போய்விட்டது, உள் அறையில் மெழுகுவத்தியை ஏற்றினேன். ஏழரை இருக்கும், கதவைத் தட்டினார்கள். ஊய்க்காட்டான். தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தான். கையில் அரிக்கேன் விளக்கு. அதன் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து, பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டிக் கம்பியால் கட்டியிருந்தது. தகரத்தில் பாதி ரோஜாப்பூ. நான் அந்த ரோஜாப்பூவையே பார்த்துக்கொண்டு பேசினேன், அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க.

"மறுகால்ல வழியுறது பத்தாதும்மா. ஷட்டரைத் தூக்கணும். ஐயா இருக்காவளா? இல்லன்னா சாவியக் குடுங்க."

உள் அறைக்கதவு திறந்திருந்தது, மெழுகுவத்தி வெளிச்சம் வாசல்வரை வந்தது. இன்னும் ஓரடி உள்ளே வந்தால் அவனுக்கு வாடை தெரியும், குறட்டை கேட்கும். லஸ்கருக்குத் தெரிந்தால் மறுநாள் ஊருக்குத் தெரியும். நான் வாசலை அடைத்து நின்றேன்.

"ஐயா அப்போதே புறப்பட்டாயிற்று. சாவி அவரிடம் இருக்கிறது" என்றேன்.

சாவி எனக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும்.

அவன் விளக்கு அணைந்திருந்தது. "தீப்பெட்டி இருக்காம்மா? காத்துல அணைஞ்சு போச்சு" என்று கேட்டான். தீப்பெட்டியும் மெழுகுவத்தியும் உள் அறையில் இருந்தன. இல்லை என்றேன்.

"சரிங்கம்மா" என்றான். இருட்டில் தாம்போதிப் பக்கம் திரும்பினான். ஓடவில்லை. கரைக்குத்தான் போனான்.

ஷட்டரை எட்டு மணிக்குள் தூக்கியிருந்தால் கரை உடைந்திருக்காது என்று அதே விசாரணை அறிக்கை, பக்கம் ஒன்பதில் சொல்கிறது. அந்தப் பக்கத்தையும் எனக்கு மனப்பாடம் தெரியும்.

சத்தம் கேட்டு அவர் எழுந்தது ஒன்பதுக்கு. ஓடினார். விடியும்வரை கழுத்தளவு தண்ணீரில் நின்று பதினொரு பேரை இழுத்துப் போட்டார். அதுவும் நடந்ததுதான். அதை எழுத இடம் கிடைக்கவில்லை, ஏழு மணியிலிருந்து கரையில் இருந்தவர் என்று ஆகிவிட்டதால்.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு என் டைரியை வாங்கிப் பார்த்தார். நான் எத்தனை மணிக்கு எழுதுகிறவள் என்று அவருக்குத் தெரியும். "நல்லவேளை, நீ எழுதி வைத்திருக்கிறாய்" என்றார். யாராவது வந்தார்களா என்று அன்றும் கேட்கவில்லை, சாகும்வரையும் கேட்கவில்லை. ஈரல் கெட்டு ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். கேட்க நேரம் இருந்தது.

5 செப்டம்பர், வியாழன்

நான்கு பக்கமும் எழுதி முடித்தேன். ஐந்து ஆதாரம், ஐந்தும் நீலம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கவரில் போட்டு ஒட்டினேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்தநாள். பூசை. மதியம் சொர்ணம் வந்து வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொடுத்தாள். "பரீச்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கீய" என்றாள்.

ஏழு மணிக்கு நூலகத்தில் கூட்டம். என் நான்கு பக்கத்தைப் படித்தேன். கமிட்டி ஏற்றுக்கொண்டது. பெயர்கள் இருபத்தேழு. ஆட்டோவில் வீடு திரும்பினேன். ஜெபமாலை. பால் மட்டும். ஒன்பதுக்குப் படுத்தேன். பார்வையாளர்: இல்லை.

9 செப்டம்பர், திங்கள். காலை பத்து மணி

நேற்றைய பக்கத்தின் இரண்டாம் பாராவை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். நடந்ததை நடந்தபின் எழுதுகிறேன்.

நூலகத்தில் இருபது பேர் இருந்தார்கள். பிரமு கடைசி வரிசை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் என்னை அழைத்தார்கள். நான் கவரோடு கைப்பையிலிருந்து இரண்டு டைரிகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். நேற்று ஆறு மணிக்கு எழுதிய பக்கத்தில் விரலை வைத்து, கனகசபாபதியிடம் அந்தப் பாராவை மட்டும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். கமிட்டி ஏற்றுக்கொண்டது என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இப்போது மணி என்ன?" என்று கேட்டேன்.

"ஏழு இருபதும்மா."

"நான் வீடு திரும்பிப் பால் குடித்துப் படுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறது. என் டைரி எல்லாமே இப்படி எழுதியதுதான், பள்ளிக்கூட நாளிலிருந்து. மூன்று டிசம்பர் எழுபத்தொன்பதும் ஆறு மணிக்கு எழுதியது. உங்களிடம் இருக்கும் எல்லா ஆதாரமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. அதைத் தள்ளிவிடுங்கள்."

இன்றைய டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பழையதை அவர்கள் பக்கம் தள்ளினேன். பிறகு சொன்னேன். ஊய்க்காட்டான் வந்தார், சாவி கேட்டார், சாவி ஆணியில் இருந்தது, என் கணவரிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாதி ரோஜாப்பூத் தகரம் வைத்த விளக்கைக் கையில் வைத்திருந்தார், திரும்பிக் கரைக்குத்தான் போனார். என் கணவர் உள்ளே படுத்திருந்தார் என்பதையும் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கமிட்டியில் மூத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். என் கணவரின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். அவர்தான் முதலில் பேசினார்.

"அம்மாவுக்கு வயசாகிட்டு. தனியா வேற இருக்காங்க. சர்க்கார் அறிக்கை ஒரு பக்கம். நாப்பது வருசம் கழிச்சு ஞாபகத்துல இருந்து சொல்றது ஒரு பக்கம். இதை எப்படி ஏத்துக்க முடியும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. மதர் கொலம்பாவும் அதைத்தான் கேட்டிருப்பார். என் பொய்க்கு ஐந்து நீல அட்டை இருந்தது. உண்மைக்கு ஒன்றும் இல்லை. அறிவு கலங்கிய கிழவி என்று என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு கணம் அது எனக்கு வசதியாகக்கூடத் தெரிந்தது.

கனகசபாபதி எழுந்து அலமாரியிலிருந்து பிரமுவின் கவரை எடுத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருப்பதை மூன்று பேருக்கும் காட்டிவிட்டுப் பிரித்தார். நான்கு பக்கம் இல்லை. கோடு போட்ட தாள் ஒன்றில் ஒரு பக்கம்தான்.

"அன்று மத்தியானம் நான் விளையாடும்போது அப்பாவின் விளக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. ரோசாப்பூப் படம் போட்ட பிஸ்கட் டப்பாவை வெட்டி, உடைந்த இடத்தில் கட்டினார். அந்த விளக்கோடுதான் போனார். விளக்கு அப்புறம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு ஆள் தவிர யாரும் அந்தத் தகரத்தைப் பார்த்தது இல்லை. ஐயா வீட்டம்மா பார்த்திருந்தால் அப்பா அங்கே வந்தது உண்மை."

வாசித்துவிட்டுக் கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றினார். மூத்தவர் அந்தத் தாளை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு வேறு யாரிடமும் கேட்காமல், "இருபத்தெட்டுன்னு எழுதிக்கங்க" என்றார்.

நாற்பது வருஷம் அந்தப் பெண்ணிடம் ஒரே ஆதாரம்தான் இருந்தது. அதை நிரூபிக்க நான் ஒருத்தி வாயைத் திறக்க வேண்டியிருந்தது. இருபதாம் தேதி என் வீட்டில் நின்றபோது அவள் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது பாழாகியிருக்கும். மதர் கொலம்பாவிடம் படிக்காதவள்.

கூட்டம் கலைந்தது. என்னிடம் யாரும் பேசவில்லை. தெரிந்தவர்கள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். ஆட்டோவுக்காக வாசலில் நின்றேன். பிரமு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காறித் துப்பினாலும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனதைத் தயார் செய்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும். கவர்ல எழுதல, எழுத முடியல. தகரம் வச்சது சரியா அடைக்கல. காத்து உள்ள போகும். நான் ஒடைக்காம இருந்திருந்தா அப்பாவுக்குத் தாம்போதியில வழி தெரிஞ்சிருக்கும். சின்ன வயசுல இருந்து அதுதான். பிள்ளைய பெத்த பொறவும் அதுதான். உங்க வீட்டுக்கு வரும்போது அந்த வெளக்கு எரிஞ்சுச்சாம்மா?"

"எரிந்தது" என்றேன்.

"நெசமாவா?"

"நன்றாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் ரோஜாப்பூவைப் பார்த்தேன்."

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். ஆட்டோ வந்துவிட்டது. போகிறேன் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. ஏறிக்கொண்டேன்.

காலையில் கனகசபாபதி போன் செய்தார். புத்தகத்துக்கு இந்த வருஷ டைரியும் வேண்டுமாம், ஆவணமாக நூலகத்தில் வைப்பார்களாம். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். செப்டம்பர் ஒன்றாம் தேதிப் பக்கத்தை இனி யாரும் வாசிக்கக் கூடாது. முக்கியமாக அவள்.

பழைய டைரிக்கு ஒரு திருத்தம், நூலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். 3 டிசம்பர் 1979. பார்வையாளர்: ஒருவர்.

ஆறாவதாக ஒரு அஞ்சலட்டை எடுத்தேன். விளக்கு எரிந்தது. நேரில் பார்த்தாயா? பார்த்தேன். எப்போது சொன்னாய்? நாற்பது வருஷம் கழித்து. உனக்கு என்ன லாபம்? அந்த வரியை நிரப்பத் தெரியவில்லை. வேறு சாட்சி? இல்லை.

சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். அட்டையில் இன்னும் அதை வைக்கவில்லை.